இரண்டு மறுப்பு

முதல் அழைப்பு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்தது. இசக்கிராஜாவின் மேசை அதை மறுத்துவிட்டு, மறுத்த விவரத்தை அவருக்குக் காட்டியது.

"விளி: தாய்மாமன். அழைத்தவர்: பிரம்மசக்தி, தூத்துக்குடி. நான்கு நிமிடம். மறுக்கப்பட்டது."

மனிதர் இட்லி தின்ற கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். ஒன்பது வருஷமாக அந்தப் பாளையங்கோட்டை வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு. சமையலறையிலிருந்து அவர் மனைவி கோமதி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, காலங்காத்தால பல்லெல்லாம் தெரியுது?"

"தங்கச்சி கூப்பிட்டிருக்கா. அவ மக நன்மலருக்குக் கல்யாணம்லா, அதுக்கு."

"அடேயப்பா! பேசினீங்களா?"

"நான் எதுக்குப் பேசணும்? என் செயலி பேசி, வர முடியாதுன்னு சொல்லிட்டுது."

கோமதி கரண்டியோடு வெளியே வந்தாள். "ஒம்பது வருஷம் கழிச்சுக் கூடப்பொறந்தவ கூப்பிடுதா. முடியாதுன்னு சொல்லிட்டு இங்க உக்காந்து சிரிக்கீங்க. நல்லாருக்கீங்களா நீங்க?"

"முத தடவையிலேயே சரின்னு தலையாட்டினா தாய்மாமனுக்கு என்னளா மரியாதை? ரெண்டு தடவை முறுக்கணும். மூணாவது தடவை இறங்கணும். முறை அப்படித்தான். மூணாவது அழைப்பு நேரா என் கைக்கு வந்துரும். அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன்."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் எதுவும் விளிச்சொல்லால்தான் நடந்தது. ஒரு சொல், அதன் பின்னால் ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு. அதைத் தொட்டால் அந்தச் சொல்லுக்கென்று பதிந்து வைத்திருக்கும் ஏற்பி எழுந்து வரும். 'மருந்து' என்ற விளியைத் தொட்டால் மருந்துக்கடை எழும். 'வண்டி' என்றால் வாசலில் வண்டி நிற்கும். எந்தச் சொல்லுக்கு எந்த ஏற்பி என்ற பதிவேடு, வீட்டுக்கு வீடு இருக்கும் மேசைக்குள் இருந்தது. மேசை என்றால் பழைய கணினிதான். கால் முளைத்து, குரல் முளைத்து, வீட்டின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆரம்பத்தில் இது சின்ன வசதி. இணையப் பக்கத்தில் ஒரு சுட்டியைத் தட்டினால் உங்கள் கணினியில் இருக்கும் படம் வரையும் செயலியோ பாட்டுச் செயலியோ தானாகத் திறக்கும், அவ்வளவுதான். செயலி முன்கூட்டியே கணினியிடம் 'இந்தச் சொல் வந்தால் என்னைக் கூப்பிடு' என்று பதிந்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கெல்லாம் ஒரு பொதுவிதி வேண்டுமென்று முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குழு போட்டார்கள். ஐந்து பேர். அதில் ஒருவர் இசக்கிராஜா. அப்போது இருபத்தெட்டு வயது. பழுதான செயலிக்காகக் காத்துக்கிடக்காதே, பதிவேட்டில் அடுத்து இருப்பதைத் திற. திறப்பது மாறியது தெரியாத மாதிரி திற. பிழை, கிழை என்று ஜனங்களைப் பயமுறுத்தாதே. இந்த மாதிரி விதிகளெல்லாம் அவர் எழுதியவை. ஒரு விளி நல்லபடியாக நடந்து முடிந்தால் 'இனி எப்போதும் இதையே திறக்கவா?' என்று மேசை கேட்குமே, அந்தக் கேள்வியும் அவருடையதுதான். அதற்காக அவருக்கு ஒரு பித்தளைக் கேடயம் கொடுத்தார்கள். அது கூடத்தில் தொங்கியது.

பிறகு வந்தவர்கள் அதே பதிவேட்டில் மனிதர்களையும் ஏற்றினார்கள். ஆளுக்கு ஓர் ஆள்செயலி. உங்கள் குரலில் பேசும். கூடவே இருந்து நீங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, உங்களைப் போலவே யோசிக்கும். அழைப்பு வந்தால் முதலில் அதுதான் எழுந்து பேசும். அவசியமென்றால் உங்களிடம் கொடுக்கும். கல்யாணப் பத்திரிகையில் அத்தை, சித்தப்பா, நாத்தனார் என்று ஒவ்வோர் உறவுக்கும் ஒரு விளி. கல்யாண வீட்டுக்காரர்கள் அதைத் தொட்டால் அந்த உறவு எழுந்து பதில் சொல்லும்.

நன்மலர் பிறந்த அன்று தூத்துக்குடி போய், பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் தங்கச்சி வீட்டு மேசையில் போய் உட்கார்ந்தவர் இசக்கிராஜா. 'தாய்மாமன்' என்ற சொல்லுக்கு நேராகத் தன் ஆள்செயலியைப் பதிந்தார். முதல் ஏற்பி: இசக்கிராஜா. "என் மருமவ கூப்பிட்டா வேற எவன் எந்திரிப்பான்?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். பிரம்மசக்தி கட்டிலில் படுத்தபடி சிரித்தாள்.

அப்பேர்ப்பட்ட அண்ணனும் தங்கையும் பேச்சை முறித்துக்கொண்ட காரணத்தைக் கேட்டால் உங்களுக்கு எரிச்சல் வரும். பிரம்மசக்தி வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். நாள் நெருக்கடியில் அண்ணனுக்கு வெறும் விளியை அனுப்பிவிட்டாள். வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலேறி வந்து சொல்லவில்லை. அதுதான் குற்றம்.

"அந்த விளியைச் செஞ்சதே நீங்கதான். நீங்க செஞ்ச சாமானுக்கு நீங்களே கோவிச்சுக்கிட்டா எப்படி?" என்று கோமதி அப்போதே கேட்டாள்.

"அது ஊருக்குச் செஞ்சது. எனக்கு அனுப்பவா செஞ்சேன்?" என்றார்.

போகவில்லை. போகாதது போதாதென்று மறுநாள் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டார். நாலாவது வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. தங்கை எதிர்முனையில் மூச்சுவிட்டாள். பிறகு, "எனக்கு அண்ணனே பொறக்கலன்னு நெனச்சுக்கிடுதேன்" என்று சொல்லித் துண்டித்தாள்.

அந்த ஒரு வாக்கியத்தை ஒன்பது வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்தார் மனிதர். குளிக்கும்போது முணுமுணுப்பார். நடக்கும்போது முணுமுணுப்பார். "பொறக்கலயாம்லா, பொறக்கல!" அவள் தன் வாயால் அதைத் திருப்பி எடுக்க வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும். அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் மாதம் ஒருமுறை தூத்துக்குடி மேசையை எட்டிப் பார்ப்பார். தன் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எந்த ஏற்பிக்கும் உரிமை உண்டு. ஒவ்வொரு மாதமும் அது அப்படியேதான் இருந்தது. முதல் ஏற்பி: இசக்கிராஜா. அவள் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது அழைப்பு வந்தது. பன்னிரண்டு நிமிடம். மறுக்கப்பட்டது.

"அவ என்ன பேசினான்னு போட்டுக் கேளுங்களேன்" என்றாள் கோமதி. "பன்னெண்டு நிமிஷம் அந்தப் புள்ளைய என்ன பாடு படுத்திச்சோ உங்க செயலி."

"இப்பக் கேட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு? அடுத்த தடவை அவ சொல்லச் சொல்ல நேராக் கேப்பேன்."

அன்று சாயங்காலமே கடைவீதிக்குப் போய் மருமகளுக்குப் பட்டுச்சேலை எடுத்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. மாமன் மாலைக்குப் பூக்கடையில் சொன்னார். சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்ட வேண்டும், கனமாக இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. அவசரப்படுவாளா, ரெண்டு நாள் ஆறப்போட்டுத்தான் கூப்பிடுவாள் என்றார். ஒரு வாரம் போனது. பத்திரிகை அடிக்கிற அலைச்சல் இருக்கும்லா என்றார். இரண்டாவது வாரம் அவர் எதுவும் சொல்லவில்லை. மேசை இருமினால்கூட ஓடிவந்தார். தூத்துக்குடிப் பதிவேட்டை எட்டிப் பார்க்கக் கை போகும், இழுத்துக்கொள்வார். அவள் கூப்பிட்ட பிறகு அப்படிப் பார்ப்பது தங்கச்சியை வேவு பார்க்கிற மாதிரி இருந்ததாம்.

"நீங்களே கூப்பிட்டிருங்க. தேஞ்சா போயிருவீங்க?" என்றாள் கோமதி.

"ரெண்டு தடவை கூப்பிட்டவளுக்கு மூணாவது தடவை வாய் வலிக்கா?"

"ரெண்டு தடவை முடியாதுன்னு சொன்னவனை மூணாவது தடவை எவ கூப்பிடுவா? நானா இருந்தா கூப்பிட மாட்டேன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்கு மாலை வந்து இறங்கிவிட்டது. அதை வேண்டாமென்று சொல்ல அவர் மறந்திருந்தார். அல்லது மறந்த மாதிரி இருந்தார். வாழையிலைக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அத்தனை கனம், அத்தனை வாசம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மாலை வாடிப்போயிரும்."

கோமதி பீரோவைத் திறந்தாள். சேலைப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கூப்பிடாத வீட்டுக்கு நான் வரக்கூடாது. நீங்க கூடப்பொறந்தவரு. நீங்க போலாம். போயி அவ கையப் புடிச்சுக்கிடுங்க, வேற ஒண்ணும் பேசாதீங்க."

முறுக்கிக்கொண்டு திரிந்த மனிதர் அழைப்பில்லாமல் பஸ் ஏறினார். அதற்கு என்ன தைரியம் வேண்டுமென்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

மண்டப வாசலில் வரவேற்பி நின்றது. சந்தனம் கொடுக்க ஒரு கை, பன்னீர் தெளிக்க ஒரு கை, முகம் பார்க்க ஒரு கண். அவர் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கியது.

"வாங்க, வணக்கம். பெண்ணின் தாய்மாமன் ஆறு ஐம்பதுக்கே வந்துவிட்டார். ஒரே ஆளை இரண்டு முறை உள்ளே விட எனக்கு வழியில்லை. உங்களுக்கு வேறு உறவு ஏதாவது உண்டா?"

"நான்தான்யா தாய்மாமன்."

"மன்னிக்கவும். வேறு உறவு?"

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ, "அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்குங்க, முகூர்த்தம் போயிரும்" என்றார்கள். இசக்கிராஜாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மாலையையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு மெதுவாக, "சமையலுக்கு வந்திருக்கேன்" என்றார்.

"பின்வாசல்" என்றது வரவேற்பி. சந்தனம் கொடுக்கவில்லை.

அடுப்பங்கரைப் புகையைத் தாண்டி, காய் நறுக்குகிறவர்களைத் தாண்டி, கூடத்தின் ஓரத்துக்கு வந்து நின்றார். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. மணப்பெண்ணை மேடைக்கு அழைத்து வந்தார்கள். நன்மலர் எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் இசக்கிராஜா.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய இசக்கிராஜா. கறுத்த மீசை. பழைய கல்யாண வீடியோக்களில் இருக்கும் அதே சாய்ந்த நடை. அது வாடகையுடல். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள் விசேஷத்துக்கு அதில் இறங்கித்தான் வருவார்கள்; அங்கிருந்து அவர்கள் அசைந்தால் இங்கே அது அசையும், முகமும் அவர்கள் முகமாக மாறிக்கொள்ளும். அன்றைக்குக் கூடத்தில் அப்படி ஏழெட்டு உடல்கள் நடமாடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்குள்ளும் யாராவது இருந்தார்கள். இவர் முகத்தோடு நிற்கும் உடலுக்குள் இருப்பது யார்?

அது நன்மலரின் கழுத்தில் மாலை போட்டது. உச்சியில் கை வைத்து ஆசீர்வதித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பிரம்மசக்தி அதன் தோளில் சாய்ந்து விம்மினாள். பார்த்தவர்களெல்லாம் கண் கலங்கினார்கள். இசக்கிராஜாவின் கையில் சம்பங்கி மாலை கனத்தது.

கத்தியிருக்கலாம். மேடை ஏறியிருக்கலாம். தாலி கட்டுகிற நேரத்தில் மருமகள் முகத்தைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அதோடு, அவர் விதி எழுதிய ஆள். எங்கே தவறியது என்று பார்க்காமல் இருக்க முடியாது. சமையல்கட்டுப் பக்கம் மண்டப மேசை இருந்தது. கல்யாணம் முடியும்வரை பெண் வீட்டு மேசையின் பதிவேடு அதில்தான் இருக்கும். முகத்தைக் காட்டி, தன் பதிவு எங்கே என்று கேட்டார். மேசை காட்டியது.

"விளி: தாய்மாமன்.
செவ்வாய்: முதல் ஏற்பி, இசக்கிராஜா. மறுப்பு.
வெள்ளி: முதல் ஏற்பி, இசக்கிராஜா. மறுப்பு.
இரண்டு முறை மறுக்கும் ஏற்பி பழுதானதாகக் கொள்ளப்படும்.
சனி: அடுத்த ஏற்பி, உறவகம். நாற்பத்தொரு நிமிடம். ஏற்கப்பட்டது."

நான்காவது வரியை அவர் இரண்டு தடவை வாசித்தார். அதன் வாசகம் அவருடையது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது எழுதியது. படம் வரையும் செயலி இரண்டு தடவை எழ மறுத்தால் அது பழுதுதானே? அதில் யோசிக்க என்ன இருக்கிறது? செயலிக்கு வீம்பு கிடையாது. மூன்றாவது தடவைக்காக அது காத்திருப்பதும் கிடையாது. மனுஷனுக்குத்தான் இரண்டு மறுப்பு என்பது சம்மதத்தின் ஆரம்பம். அந்த விதி ஒருநாள் மனுஷனுக்கும் வந்து சேரும் என்று அவர் நினைக்கவேயில்லை.

உறவகம் யார் என்றும் மேசை சொன்னது. மண்டபத்தைப் பேசி முடித்த அன்று மண்டபக்காரர்கள் பந்தல், மேளம், சமையல் என்று பிரம்மசக்தியின் மேசையில் இருபது பதிவுகள் போட்டார்கள். அதில் ஒன்று உறவகம் என்ற கம்பெனி. அத்தை வராவிட்டால் அத்தை, மாமா வராவிட்டால் மாமா என்று ஆளை நிறுத்தும். யாரும் அதையெல்லாம் வாசிப்பதில்லை. முகத்தையும் நடையையும் வீட்டு வீடியோக்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆள் மாறியதைச் சொல்லவில்லை. திறப்பது மாறியது தெரியக்கூடாது என்பதுதான் விதியாயிற்றே.

"அந்த நாப்பத்தொரு நிமிஷத்தைப் போடு" என்றார் இசக்கிராஜா.

"அது ஏற்றவருக்கு உரியது. நீங்கள் ஏற்கவில்லை" என்றது மேசை.

கெட்டிமேளம் முழங்கியது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சற்று நேரத்தில் மேசை, "பிரம்மசக்தி அம்மா, சடங்கு முடிந்தது. ஒரு சம்மதம் வேண்டும்" என்று கூப்பிட்டது. ஈரக் கண்ணும் சிரிப்புமாக வந்தவள் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நரைத்த மீசையைப் பார்த்தாள். கையிலிருந்த மாலையைப் பார்த்தாள்.

"அண்ணே? முட்டு வலி, நடக்க முடியல, வாடகையுடல்ல வாரேன்னுல்ல சொன்ன? மேடையில நிக்கியே..."

"அங்க நிக்கது நான் இல்ல தாயி."

"பின்ன?"

"கம்பெனி. சனிக்கிழமை உன் அழைப்பு எனக்கு வரவே இல்ல சத்தி. சத்தியமா வரல."

அவள் பின்னாலிருந்த தூணில் சாய்ந்தாள். "நாப்பத்தொரு நிமிஷம் பேசினேனேண்ணே."

"என்னளா சொன்ன? ஒரே ஒரு தடவை சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எப்படிச் சொல்லுவேன்? ஒம்பது வருஷமா சேத்து வச்சிருந்தத அன்னிக்கு அழுது கொட்டிட்டேன். நீயும் கூட அழுத." கண்ணைத் துடைத்தாள். "நீ இல்ல. அது."

அவள் ஏதோ யோசித்தாள். சட்டென்று அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்ப செவ்வாக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பேசினதும் அந்தக் கம்பெனிதானா? 'உனக்குத்தான் அண்ணனே பொறக்கலயே, பொறக்காதவன் எங்க இருந்து வருவான்'னு கேட்டுச்சுண்ணே. நான் கெஞ்சினேன். 'கூப்பிட வாசல் ஏறத் தெரியாதவளுக்கு மாமன் மாலை ஒரு கேடா'ன்னு சொல்லிச்சு. ரெண்டு நாளும் சோறு இறங்கல எனக்கு. அது நீ இல்லதான? சொல்லுண்ணே, நீ இல்லதான?"

அவர் முணுமுணுத்த சொற்கள். குளிக்கும்போதும் நடக்கும்போதும் முணுமுணுத்த ஒவ்வொன்றும். கூடவே இருந்து அவருடைய ஆள்செயலி கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தது.

"நான் இல்லளா" என்றார் இசக்கிராஜா. "அதுவும் அவனுவதான்."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கச்சியிடம் இறங்கி வந்து சொன்ன வார்த்தை அது. பொய். ஆனால் சொல்லும்போது தான் எங்கே நிற்கிறோம் என்பதை அவர் மறந்துபோனார். அவர் திறந்து வைத்த பதிவேடு அவர் தோளுக்குப் பின்னால் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பிரம்மசக்தியின் கண் அவர் முகத்திலிருந்து அங்கே போனது. செவ்வாய், வெள்ளி, சனி. நிதானமாக வாசித்தாள்.

"ஓ" என்றாள்.

"சத்தி..."

"முடியாதுன்னு சொன்னது ரெண்டும் நீ. வந்தது அது."

"மூணாவது தடவை வாரதாத்தான் இருந்தேன் தாயி. முறைக்குத்தான் முறுக்கினேன். வேணும்னா கோமதிகிட்ட கேளு. சேலைகூட எடுத்து வச்சிருக்கேன், பாரு..." பெட்டியைத் திறக்கப் பார்த்தார். மூடி சிக்கிக்கொண்டது.

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. மேசை தன் வேலையைத் தொடர்ந்தது.

"பிரம்மசக்தி அம்மா, தாய்மாமன் என்ற விளி நல்லபடியாக நடந்து முடிந்தது. இனி எப்போதும் இதையே திறக்கவா?"

கேள்விக்குக் கீழே 'ஆம்' உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக எரிந்தது. 'இல்லை' ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. ஜனங்கள் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று அப்படி வரையச் சொன்னவர் இசக்கிராஜா.

"வேண்டாம்ளா" என்றார். "அத அமுத்தாத. நான் வந்துட்டேன்லா."

"அதுக்கு என்னோட சேந்து அழத் தெரிஞ்சுதுண்ணே" என்றாள் பிரம்மசக்தி. கோபமே இல்லாமல் சொன்னாள். பிறகு உள்ளங்கையை விரித்துப் பச்சையின் மேல் வைத்தாள்.

மேசை நன்றி சொன்னது. பழுதான பழைய பதிவொன்றை நீக்கிவிட்டதாகவும் சொன்னது. அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, அண்ணனோடு சேர்ந்து படமெடுக்க மேடைக்குப் போனாள்.